லொசுக்கு எந்த ஊருக்குப் போனது?

கேள்வி:

என் மகளுக்கு 10 வயது. ஒரே பெண். நாலு வயதில் அவளுக்கு லொட்டு, லொசுக்கு என்று இரண்டு சிநேகிதர்கள் வந்தார்கள். "வீடு பூரா லொட்டு லொசுக்கு, கால் வைக்க எடமில்ல" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேர் வீடு பூராவும் இருப்பதாக இவள் எடுத்துக்கொண்டாள். லொட்டு ஒரே வருஷத்தில் காணாமல் போய்விட்டது. லொசுக்கு தங்கிவிட்டது. ஸ்கூட்டியில் எனக்கும் தனக்கும் நடுவில் அதற்கு இடம் விட்டுத்தான் உட்காருவாள். மாவுப் பாத்திரத்தை வழித்துக் கடைசியாக நான் ஊற்றும் ரூபாய் அகலத் தோசை லொசுக்குத் தோசை. அதற்கென்று எவர்சில்வரில் ஒரு குட்டித் தட்டும் உண்டு. மாமியார் பயந்துபோய் அவளைக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். லொசுக்குக்கும் ஒரு கயிறு கேட்டு வாங்கி வந்தாள்.

இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்தோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் குட்டித் தட்டைக் கொண்டுபோய் வைத்து, "இது லொசுக்குக்கு" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. அவர்கள் போனதும், "அம்மா, இனிமே இப்படிப் பண்ணாத. அதெல்லாம் இல்ல" என்றாள். எங்கே போச்சு என்று கேட்டேன். "ஊருக்குப் போயிடுச்சு." எந்த ஊர்? "தெரியல. பஸ்ல போச்சு."

யோசித்துப் பார்த்தால் ஏப்ரலிலிருந்தே ஸ்கூட்டியில் நடுவில் இடம் விடுவதில்லை. வளர்ந்துவிட்டாள், இடம் பத்தவில்லை என்று நினைத்திருந்தேன். என் கணவர், "நல்லதாப் போச்சு, விடு" என்கிறார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. புதுப் பள்ளியில் ஏதாவது நடந்திருக்குமா? நான் அவளை அவமானப்படுத்திவிட்டேனா? அந்தத் தட்டை என்ன செய்வது? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, இல்லை எனக்கா?

(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். லொசுக்குக்கும் ஒரு கயிறு கேட்ட இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த நர்ஸ் என்னவென்று கேட்க, படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுப் பையன்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு மேடம். நாங்கதான் திட்டித் திட்டி வெரட்டிட்டோம்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டோம்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே ஒரு அம்மாவிடம், "அப்படி யாரும் இல்லைன்னு குழந்தைக்கு மெதுவா எடுத்துச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தக் குழந்தை அதன்பிறகு தன் தோழனைப் பற்றி அம்மாவிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. தோழன் அப்படியேதான் இருந்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லொசுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே கிளம்பிவிட்டது. ஸ்கூட்டியில் ஏப்ரலிலிருந்தே இடம் விடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் அவள் பழைய பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தாள். புதுப் பள்ளியின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டாள். ஆகவே புதுப் பள்ளியில் ஏதோ நடந்து லொசுக்கு விரட்டப்பட்டது என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. ஆறு வருஷம் கூட இருந்த ஒன்று, வேலை முடிந்து, தானாக மெல்ல மெல்ல விலகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் ஊகம்தான். ஏப்ரலுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் லொசுக்குத் தோசை நிற்கவில்லை, இல்லையா? நீங்கள் ஊற்றினீர்கள், அவள் எடுத்துச் சாப்பிட்டாள். அத்தனை நாளும் லொசுக்கை நினைவில் வைத்துத் தோசை ஊற்றியது நீங்கள் ஒருவர்தான். அவள் உங்களுக்காகச் சாப்பிட்டிருக்கிறாள். பெரியவர்கள் குழந்தையின் விளையாட்டுக்கு ஒத்துப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு கட்டத்தில் அது அப்படியே மாறி, குழந்தை நம் விளையாட்டுக்கு ஒத்துப்போகத் தொடங்கியிருக்கும். நமக்குத் தெரியாது.

"பஸ்ல போச்சு" என்ற பதிலை மறுபடி படித்துப் பாருங்கள். "அதெல்லாம் இல்ல" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீங்கள் எங்கே போச்சு என்று கேட்டதும், உங்கள் முகத்தைப் பார்த்து, ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறாள். சாகடிக்கவில்லை, பொய் என்று அடித்துச் சொல்லவில்லை. பஸ் ஏற்றி அனுப்பிவைத்திருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு பக்குவத்தை எதிர்பார்க்க முடியாது. எங்கே கற்றுக்கொண்டாள் என்று யோசித்தால், ஆறு வருஷமாக ரூபாய் அகலத்தில் தோசை ஊற்றிய வீட்டில்தான்.

அவமானப்படுத்திவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிமிஷம் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பு வயதில் பிள்ளைகள் தங்களைப் பிறர் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்கள். ரிப்பன் கட்டியது சரியா, டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது, அம்மா தெருவில் எப்படிக் கூப்பிடுகிறாள், எல்லாவற்றையும் இன்னொரு பிள்ளையின் இடத்தில் நின்று பார்ப்பார்கள். அதிலும் புது இடத்தில், புதுத் தோழிகள் முன்னால். ஒரு தடவை, "அன்னிக்கு அவங்க முன்னாடி அப்படிச் சொன்னது தப்புடா, இனிமே சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரே தடவை, ஏதாவது வேலை செய்துகொண்டே, ஒரே வரியில். உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டால் அவளுக்கு அது இன்னொரு தண்டனை ஆகிவிடும்.

இனி லொசுக்கைப் பற்றிக் கொஞ்சம். இப்படி ஒரு தோழமை தன் வீட்டில் மட்டும்தான் என்று எல்லா அம்மாக்களும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். பள்ளிக்குப் போகும் முன்பே சந்தித்த பிள்ளைகளில் 100 பேரை, அவரும் உடன் ஆய்வாளர்களும் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி தேடிப் போய்ப் பேசினார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வின்படி 7 வயதுக்குள் சுமார் 65 சதவீதம் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழமை இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவர்களோடு, பேர் வைத்துக் குணம் கொடுத்து ஆள்போல நடத்திய பொம்மைகளையும் சேர்த்த கணக்கு இது. நர்சரியோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அதில் ஓர் ஆச்சரியமும் இருந்தது. ஆறேழு வயதிலும் பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு அது தொடர்ந்துகொண்டிருந்தது. தனியாக வளரும் பிள்ளைகளிடமும் தலைப்பிள்ளைகளிடமும் கொஞ்சம் அதிகம் காணப்படுகிறது. ஆனால் கூச்ச சுபாவம், பழகத் தெரியாமை என்று பழைய காலத்தில் சொல்லிவந்தது சரியென்று தேறவில்லை.

பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அது நிஜம்னே நம்புறானோ?" என்பதுதான். நம்புவதில்லை. டெய்லர் குழுவினர் பேட்டி எடுக்கும்போது, கேள்விமேல் கேள்வி கேட்டு மும்முரமாகக் குறித்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்துச் சில பிள்ளைகளுக்கே சந்தேகம் வந்துவிடுமாம். இது சும்மா விளையாட்டு, தெரியுமில்ல, என்று அவர்களை எச்சரிப்பார்களாம். உங்கள் மகளுக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் கயிறு கேட்டாள்.

ஆகவே உண்மை தெரிந்ததால் லொசுக்கு போனது என்று சொல்ல முடியாது. வேறு என்னதான் நடக்கிறது?

பிள்ளைகள் இந்தத் தோழர்களை அனுப்பிவைக்கும் விதங்களை நான் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) ஒரு சிறுமியின் தோழிக்குக் கல்யாணம் ஆகி மதுரைக்குப் போய்விட்டாள். ஒருவனுடைய தோழன் மிலிட்டரியில் சேர்ந்துவிட்டான். எட்டு வயதுப் பையன் ஒருவனின் பெற்றோர், அவன் தோழன் செத்துப்போனதாகச் சொல்கிறான் என்று கலங்கிப்போய்க் கூட்டிவந்தார்கள். எப்படிப்பா செத்தான் என்று கேட்டேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஊசி போட்டுக்க மாட்டேன்னுட்டான்" என்றான். அடுத்த கேள்வியை நான் யோசிப்பதற்குள் என் மேஜையில் இருந்த காந்தத்தை எடுத்து எதில் ஒட்டுகிறது என்று பார்க்கப் போய்விட்டான். ஆனால் பெரும்பாலான தோழர்கள் இப்படியெல்லாம் விடைபெறுவதில்லை. உங்கள் வீட்டு லொட்டு மாதிரி, எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாமல் இல்லாமல் போகிறார்கள்.

டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு ஆங்கிலேயர். குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். கைக்குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கும் துணி, கரடிப் பொம்மை இவற்றைப் பற்றி 1951இல் ஒரு கட்டுரை எழுதி வாசித்தார். பிற்காலத்தில் அந்தத் துணிக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்: அது மறக்கப்படுவதும் இல்லை, அதற்காகத் துக்கப்படுவதும் இல்லை, அர்த்தம் இழந்துபோகிறது, அவ்வளவுதான். பொம்மைக்கும் துணிக்கும் சொன்னதை லொசுக்குக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது, தெரியும். ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக நான் பார்த்ததில் அந்த வரி பொய்த்ததில்லை. துக்கப்படும் பிள்ளையை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்பவர் எப்போதும் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார்.

அர்த்தம் எப்படி இழக்கிறது என்பதற்கு வைகாட்ஸ்கி ஒரு வழி காட்டுகிறார். ரஷ்ய உளவியலாளர், காசநோயால் 1934இல் 37 வயதில் இறந்தவர். நாலு வயதுப் பிள்ளை கட்டைகளை அடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். "இது இங்க. ஐயோ விழுந்துடுச்சு. பெருசு கீழ வைக்கணும்" என்று தனக்குத்தானே சத்தமாகப் பேசும். ஏழெட்டு வயதுக்குள் அது முணுமுணுப்பாகி, அப்புறம் உதடு மட்டும் அசைந்து, பிறகு வெளியே ஒன்றும் தெரியாமல் போய்விடும். பேச்சு அற்றுப்போகவில்லை, உள்ளே போயிருக்கிறது என்றார் வைகாட்ஸ்கி. நாம் சாவியை எங்கே வைத்தோம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்போமே, அந்தப் பேச்சு.

லொசுக்கும் இதே வழியில் போயிருக்கும் என்பது என் கணிப்பு. எடுத்துச் சொல்ல ஒரு ஆள், எதிர்த்துப் பேச ஒரு ஆள், பழி போட ஒரு ஆள், பயந்தால் தன்னைவிட அதிகமாகப் பயப்பட ஒரு ஆள். இதற்கெல்லாம் நாலு வயதில் வெளியே ஒருவர் தேவைப்பட்டார், அவருக்குத் தட்டும் தோசையும் தேவைப்பட்டன. பத்து வயதில் அந்த வேலைகளை அவள் மனசே பார்த்துக்கொள்கிறது. போக்குவரத்து மிச்சம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. உண்மையில் அதுதான் முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

வெட்கப்படாதீர்கள். உங்களிடமிருந்து நிஜமாகவே ஒன்று போயிருக்கிறது. கடிதத்தின் பின்பக்கத்தில் லொசுக்கு சொன்னவை என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள், அதில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறேன். "லொசுக்குக்குக் கணக்கு மிஸ்ஸைக் கண்டா வயித்த வலிக்குதாம்." "நீயும் அப்பாவும் சண்ட போட்டா லொசுக்கு பீரோ பின்னாடி போயிடும்." பாருங்கள், ஆறு வருஷமாக உங்கள் மகள் மனசில் இருப்பதை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்த ஆள் அது. நேரே சொல்ல முடியாததை இன்னொருவர் வாயால் சொல்லி அனுப்புவதற்குத் தமிழில் தூது என்று பெயர். கிளியை விட்டார்கள், மேகத்தை விட்டார்கள், உங்கள் மகள் லொசுக்கை விட்டாள். இப்போது தூது நின்றுவிட்டது. அவள் இனி சொல்ல விரும்பியதை நேரே சொல்வாள், சொல்ல விரும்பாததைச் சொல்லாமலே இருப்பாள். அந்த இரண்டாவது விஷயம்தான் உங்களை அடுப்படியில் நிறுத்தி அழவைத்தது. லொசுக்கு அவளுக்கு மட்டும் சிநேகிதம் இல்லை, உங்களுக்கும்தான்.

எனக்கு இந்த இடத்தில் நற்றிணையின் 172ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. சிறுமிகள் கூட்டமாக விளையாடும்போது ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிட இது நல்லது, இது உங்கள் தங்கை என்று அம்மா சொல்கிறாள். வருஷங்கள் போகின்றன. காதலன் வந்து அந்த மரத்தடியில் நிற்கிறான். இங்கே உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்கிறார்கள். காரணம், தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காதல் பாட்டாகத்தான் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு எப்போதும் அந்த அம்மா மேல்தான் கண் போகும். விளையாட்டில் முளைத்த ஒரு செடிக்கு உறவுமுறை சொல்லிக் கொடுத்தவள் அவள். தலைவி இப்போது மரத்தோடு விளையாடுவதில்லை, பால் ஊற்றுவதாகவும் பாட்டில் இல்லை. ஆனாலும் அதன் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறாள். அம்மா வைத்த உறவு அந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. நீங்கள் ஊற்றிய தோசையை நான் அந்தப் பாலோடு சேர்த்துத்தான் வைப்பேன். இது உங்களை ஆறுதல்படுத்தச் சொல்வதில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

மாமியார் மேல் கோபம் இருக்கிறது என்று அதே பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். விட்டுவிடுங்கள். இந்த விளையாட்டுக்கு நம் ஊரில் புழக்கத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. கற்பனைத் தோழமை என்பதெல்லாம் நாங்கள் எழுத்தில் போட்டுக்கொள்வது. பெயர் இல்லாத ஒன்றைப் பார்த்தால் பெரியவர்கள் தெரிந்த பெயரை எடுத்து ஒட்டுவார்கள். காத்துக் கருப்பு, ஏவல், பூர்வஜென்ம ஞாபகம். ஆன்டோனியா மில்ஸ் என்ற மானுடவியலாளர் இந்தியாவிலும் இதைத் தேடிப் பார்த்து 2003இல் எழுதினார். மேல்நாட்டில் கற்பனைத் தோழன் என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடும் பேச்சை, இங்கே சில வீடுகளில் போன ஜென்மத்து நினைவாக எடுத்துக்கொள்வதை அவர் பேசுகிறார். உங்கள் மாமியார் பயந்தது பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான். அந்தக் கயிறால் லொசுக்கும் கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால் வீட்டில் அதற்கு முதலில் பெயர் வைத்தவரே அவர்தான், அதை ஒருநாள் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அதிகம் ஒன்றுமில்லை, செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம்.

லொசுக்கை நீங்களாகத் திரும்பக் கூப்பிடாதீர்கள். "லொசுக்கு லெட்டர் போட்டிருக்கு" என்று சில அம்மாக்கள் எழுதிவைப்பார்கள். ஐந்து வயதில் அது விளையாட்டு, பத்து வயதில் தொந்தரவு. சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில், "இவ சின்னப் புள்ளையில என்ன பண்ணுவா தெரியுமா" என்று ஆரம்பிக்கவே வேண்டாம், கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பித்தால்கூடப் பேச்சை மாற்றிவிடுங்கள். அந்தக் கதைக்குச் சொந்தக்காரி அவள். பதினெட்டு வயதில் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், அப்போது கூடச் சேர்ந்துகொள்ளலாம்.

தூது நின்றதற்கு என்ன செய்வது? நேருக்கு நேர் உட்காரவைத்து, "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, சொல்லு" என்றால் இந்த வயதில் "ஒண்ணுமில்ல"தான் வரும். முகம் பார்க்காத இடங்கள் இருக்கின்றன, அங்கே பேச்சு வரும். உங்களுக்கு ஸ்கூட்டி இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து உங்கள் முதுகோடு பேசுவது அவளுக்கு எளிது. கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, பவர்கட்டில். கேள்வி கேட்காமல் உங்கள் அலுவலகத்து வம்பு ஒன்றை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அவளும் தூது விடும் பழக்கத்தை முழுக்க விட்டிருக்க மாட்டாள். "எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கு..." என்று தொடங்கினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யார் அந்தப் பொண்ணு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், பூட்டு இருந்தால் இன்னும் நல்லது. பதின்வயதில் சிலருக்கு இந்தத் தோழமை டைரியில் மறுபிறவி எடுக்கும். 13ஆவது பிறந்தநாளுக்கு டைரி கிடைத்த ஆன் ஃபிராங்க், கிட்டி என்று இல்லாத ஒரு தோழியைக் கூப்பிட்டுத்தான் எழுதினாள். ஜெர்மனியில் சைஃப்கே-கிரெங்கே என்ற உளவியலாளர் பதின்வயதினரின் டைரிகளை ஆராய்ந்து, இப்படி எழுதும் பிள்ளைகள் நண்பர்கள் கிடைக்காத பிள்ளைகள் அல்ல என்று 1997இல் எழுதினார். உங்கள் மகள் எழுதுவாளோ மாட்டாளோ, நோட்டைத் திறந்து பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

எச்சரிக்கையாக ஒரு விஷயம். லொசுக்கு போனதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் கூடவே வேறு சிலதும் போயிருந்தால் கவனிக்க வேண்டும். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, எல்லா விளையாட்டிலும் ஆசை விட்டுப்போவது, குறிப்பிட்ட ஒரு பெரியவரைக் கண்டால் ஒதுங்குவது. இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது மட்டும் ஒரு தடவை பட்டாலே போதும், கணக்குப் பார்க்காமல் கேளுங்கள். அதேபோல், இந்த வயதிலோ இதற்குப் பிறகோ ஒரு பிள்ளைக்கு நிறுத்த முடியாத குரல் கேட்டால், அது மிரட்டினால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால், அது லொசுக்கு ஜாதி இல்லை. லொசுக்கு அவள் சொன்னபடி கேட்டது. அந்தக் குரல்கள் பிள்ளையைத் தான் சொன்னபடி கேட்கவைக்கும். உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் எதையும் நான் பார்க்கவில்லை. புதுத் தோழிகள் இரண்டு பேரை வீட்டுக்கே கூட்டிவந்திருக்கிறாள். நான் வேறு என்ன சாட்சி கேட்பேன்?

மறந்துவிடுவாளா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அடித்திருந்தீர்கள். அடித்ததையும் படித்துவிட்டேன். மெக்ஸிகோவின் ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கு ஆறு வயதில், போலியோ வந்த அந்தப் பருவத்தில், ஒரு கற்பனைத் தோழி இருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்த ஆவிமேல் விரலால் ஒரு கதவு வரைவாராம். அந்தக் கதவு வழியே வெளியே போய், ஒரு பால்பண்ணைக் கடையின் பெயர்ப்பலகையில் இருந்த ஓ எழுத்துக்குள் நுழைந்து, பூமிக்கு அடியில் இறங்கினால் தோழி காத்திருப்பாள். அவள் சத்தமில்லாமல் சிரிப்பாள், எடையே இல்லாததுபோல் ஆடுவாள். திரும்பி வந்ததும் கதவைக் கையால் அழித்துவிட்டுத் தனியே உட்கார்ந்து சிரிப்பாராம். இதையெல்லாம் 34 வருஷம் கழித்துத் தன் டைரியில் எழுதினார். தோழியின் முகமும் பெயரும் அதில் இல்லை. கதவு இருக்கிறது, கடையின் பெயர் இருக்கிறது, அந்தச் சந்தோஷம் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு எது மிஞ்சும் என்று இப்போதே சொல்ல முடியாது. தோசை முறுகும் வாசனையோ, உங்கள் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடமோ. உங்களுக்கு ஞாபகம் இருப்பதை இப்போதே எழுதி வையுங்கள், தேதி போட்டு, அவளுக்காக இல்லை, உங்களுக்காக. லொட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அது ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி என்பதாலா, இல்லை அப்போதே மறந்துவிட்டீர்களா?

தட்டு. அதைப் பரணில் போட வேண்டாம், பழைய பாத்திரக்காரரிடம் போடவும் வேண்டாம். சாமி அலமாரியில் வைத்துப் பெரிதுபண்ணவும் வேண்டாம். மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி, சேர்த்துக் கவிழ்த்துவிடுங்கள். தாளிக்கக் கடுகு எடுத்துவைக்கலாம், ஊறுகாய் வைக்கலாம். என்றாவது ஒருநாள் அவளே அதை எடுத்துத் தொட்டுக்கொள்ளச் சட்னி ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், பார்க்காதமாதிரி அடுத்த தோசையை ஊற்றுங்கள். பெரிய தோசையாகவே ஊற்றலாம்.